வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கிறேன், தம்பி

தம்பி,

உன்னைப் பிரித்தானியாவிலிருந்து நாடுகடத்தும் முடிவுக்கு எதிரான அப்பீலுக்கு நான் தரவேண்டிய, மூன்று கிழமையாகத் தள்ளிப்போட்ட சாட்சி வாக்குமூலத்தில் இன்றைக்குக் கையெழுத்து வைக்கிறேன். நீ வெட்டச் சொன்ன பந்தியை வெட்டவில்லை. குடித்துவிட்டு ஓட்டியது இரண்டு தரம், கார் ஓட்டக் கோர்ட் போட்ட தடை இருக்கும்போது ஓட்டியது மூன்று தரம், இன்சூரன்ஸ் இல்லாமல் ஒரு தரம். எல்லாம் திகதியோடு இருக்கிறது. "நல்ல பிள்ளை" என்று மட்டும் எழுதின கடிதத்தை நீதிபதி ஓரமாக வைத்துவிடுவார். உன் குற்றங்கள் முழுக்கத் தெரிந்த ஆள் எழுதி, குறுக்கு விசாரணைக்கும் வந்து நின்றால்தான் அதற்குப் பெறுமதி.

"எல்லாம் கார்க் கேஸ்தானே" என்று இன்னும் சொல்கிறாய். ஒரே தீர்ப்பில் 12 மாதச் சிறை விழுந்திருந்தால் 2007 ஆம் ஆண்டு எல்லைகள் சட்டப்படி நாடுகடத்தல் தானாக வந்திருக்கும். உனக்கு அப்படி விழவில்லை. அதனால் ஹோம் ஒபிஸ் (உள்துறை அமைச்சு) 2002 குடிவரவுச் சட்டத்தின் 117டி பிரிவைப் பிடித்திருக்கிறது: திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர். தடைக்குப் பிறகும் ஓட்டுவது கோர்ட்டுக் கட்டளையை மீறுவது. ஆறு மாதம் வரை உள்ளே போடலாம். மூன்று தரம் என்றால் அது பழக்கம். பழைய குற்றம் காலாவதியாகிவிட்டது என்ற கதை குடிவரவு வழக்கில் எடுபடாது.

குடும்ப வாழ்க்கைக்கான உரிமையைச் சொல்லும் மனித உரிமை உடன்படிக்கையின் எட்டாம் உறுப்புரையில் உனக்கு மிச்சமிருக்கிற வாசல் உன் மகள்தான். அவள் உன்னோடு அங்கே வந்தாலும், நீ இல்லாமல் இங்கே இருந்தாலும், இரண்டுமே அவளுக்கு அளவுமீறிய கடுமை என்று காட்டவேண்டும். மற்றப் பிள்ளைகளின் கஷ்டத்தோடு ஒப்பிடாமல் இந்தப் பிள்ளையையே பார்க்கவேண்டும் என்று 2022 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே பாடசாலைக் கடிதத்தில் "அன்பான தகப்பன்" போதாது. கிழமையில் எத்தனை நாள் யார் கூட்டிப்போகிறார் என்று வேண்டும். சுயாதீன சமூகப் பணியாளரின் அறிக்கையும் வேண்டும். நீ தலை பின்னிவிடுகிறமாதிரி எனக்குப் பின்னத் தெரியவில்லை என்று அவள் அழுததையும் எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டா அந்த இரண்டாவது போத்தலைத் திறந்தாய்?

அந்தக் காலை கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. கார்த் திறப்பில் அவளுடைய ஊதா ரப்பர் பான்ட் சுற்றியிருந்தது. நீ சப்பாத்துப் போட, அவளே ஆணியிலிருந்து எடுத்துத் தந்தாள். தடை முடிய இன்னும் ஐந்து மாதம். நான் குசினி வாசலில் நின்றேன், வாய் திறக்கவில்லை. மழை, பள்ளிக்கு நேரம், பஸ்ஸையும் காணவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் ஓட்டியது நீ. கார் யாருடையது என்று இங்கே எழுதமாட்டேன், சொந்தக்காரர் வாசிக்கிறார்கள். வாக்குமூலத்தில் இருக்கிறது.

அப்பீல் போட, முடிவை அனுப்பிய நாளிலிருந்து 14 நாள் என்றிருக்க, பதினோராம் நாள்தான் உறையைப் பிரித்தாய். இனியாவது சுணங்காதே. குடி விட்டதற்கு உன் வாய்ச்சொல் போதாது: குடியை விடும் வகுப்பின் வருகைப் பதிவு, ஜிபி (குடும்ப டொக்டர்) கடிதம், புரோபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு) அறிக்கை மூன்றையும் வெள்ளிக்கு முன் லோயரிடம் கொடு.

செவ்வாய் ஒன்பது மணிக்குக் கோர்ட் வாசலில் நிற்பேன். பிள்ளையைக் கூட்டிவராதே, பள்ளிக்கு அனுப்பு.

அக்கா