வடசென்னை என்றால் அப்படித்தானா? எங்கள் தெருச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். போன ஞாயிறு கூட்டத்தில் கடைசி வீட்டு ஆயா எழுந்து நின்று, பக்கத்துப் பட்டறை மிஷின் அதிர்வில் தன் வீட்டுச் சுவர் விரிசல் விட்டதைப் பற்றிச் சொன்னார். இரண்டே நிமிடத்தில் உட்கார வைத்துவிட்டோம். "அவன் இடத்துல அவன் மிஷின் ஓட்டறான், உன் வீட்டுக்குள்ளயா வந்தான்?" என்றார் ஒருவர். "25 வருஷப் பட்டறை, நீ நேத்து வந்தவ" என்றார் இன்னொருவர். "நார்த் மெட்ராஸ்னா இதெல்லாம் இருக்கும்மா" என்று செயலாளர் முடித்துவைத்தார். நானும் அங்கேதான் இருந்தேன், வாய் திறக்கவில்லை. 20 வருடமாக ஐகோர்ட் வளாகத்தில் வக்கீல் குமாஸ்தாவாகக் கேஸ் கட்டு சுமக்கிறவன் நான். மூன்று பேச்சும் சட்டத்துக்கு ஒவ்வாதவை என்று தெரிந்தும் சும்மா இருந்தது உறுத்துகிறது.

மறுநாள் ஆயா வீட்டுக்குப் போனேன். பட்டறையை ஒட்டிய சுவரில் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு முழங்கை வரை ஏறுகிறது. அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கின்றன. விரிசலை மறைக்க ஒட்டியிருந்த காலண்டர் தாளும் அதே கோட்டில் கிழிந்திருக்கிறது.

"உள்ளே வந்தானா?" என்பதை முதலில் பார்ப்போம். சிவில் சட்டத்தில் அத்துமீறல் வேறு, தொல்லை வேறு. உங்கள் சுவாதீனத்தில், அதாவது கைவசத்தில், உள்ள இடத்துக்குள் அனுமதியில்லாமல் நேரடியாக நுழைவது அத்துமீறல். ஆள்தான் நுழைய வேண்டும் என்றில்லை. மதில் தாண்டி ரப்பீஷைக் கொட்டினாலும், உங்கள் சுவரில் ஆணி அடித்தாலும், சன்ஷேடை உங்கள் இடத்துக்கு மேல் நீட்டினாலும் அத்துமீறல்தான். பத்து பைசா நஷ்டம்கூடக் காட்ட வேண்டாம், நுழைந்ததே போதும். தொல்லை அப்படியல்ல. அவன் தன் இடத்தில்தான் இருக்கிறான், ஆனால் அவன் வேலையின் சத்தமும் புகையும் அதிர்வும் உங்கள் வீட்டுக்கு வருகின்றன. இதில் பாதிப்பைக் காட்ட வேண்டும், அதுவும் அக்கம்பக்கத்தில் சகஜமாகப் பொறுத்துக்கொள்வதைத் தாண்டியதாக இருக்க வேண்டும். மிளகாய் வறுக்கும் நெடிக்கும் குழந்தை அழுகைக்கும் கோர்ட்டுக்குப் போக முடியாது. விரிந்த சுவர் அந்தக் கணக்கில் வராது. ஆயா சொன்னது தொல்லையைப் பற்றி. நாம் கேட்டது அத்துமீறலுக்கு உரிய கேள்வி.

அப்புறம், அந்த 25 வருஷம். அத்துமீறல், தொல்லை மாதிரி ஒருவர் செய்த தீங்குக்கு இன்னொருவர் சிவில் கோர்ட்டில் பரிகாரம் கேட்பதைத் தீங்கியல் சட்டம் என்பார்கள். அது நம் நாட்டில் ஒரே புத்தகமாக இல்லை. பெரும்பாலும் தீர்ப்புகளிலிருந்து வளர்ந்தது, பழைய ஆங்கிலேயத் தீர்ப்புகளும் அதில் சேர்த்தி. 1879-ல் லண்டனில் ஒரு வழக்கு. மிட்டாய்க்காரர் ஒருவர் 20 வருடத்துக்கு மேலாகத் தன் சமையற்கட்டில் உரலில் இடித்து வந்தார். பின்பக்கத்து டாக்டர் அந்தச் சுவரை ஒட்டி நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டிய பிறகுதான் அந்தச் சத்தம் தொந்தரவானது. நான்தான் முன்னாலிருந்து இருக்கிறேன் என்றார் மிட்டாய்க்காரர். யாருக்கும் தொல்லையாக இல்லாத வருடங்களைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று சொல்லி, டாக்டர் பக்கம் தீர்ப்பானது.

அதே தீர்ப்பில்தான் நம் செயலாளர் சொன்னதற்கும் ஒரு பிடி இருக்கிறது. பணக்காரர்கள் வாழும் பெல்கிரேவ் சதுக்கத்தில் தொல்லையாவது, தோல் பதனிடும் பெர்மண்ட்ஸியில் தொல்லையாகாமல் போகலாம் என்றது அது. இடத்தைப் பார்ப்பது சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது சத்தம், நாற்றம் போன்ற அசௌகரியத்துக்கு. சொத்துக்கே சேதம் வந்தால் வட்டாரத்தைக் காரணம் காட்ட முடியாது என்று 1865-லேயே, செம்பு உருக்கும் ஆலைப் புகையில் மரங்கள் கருகிய வழக்கில் முடிவாகிவிட்டது. ஆலைகள் நிறைந்த ஊர்தான் அதுவும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் எண்ணெய் புகுந்ததைப் பார்த்த நாம், நம் தெருவிலேயே ஒருத்தியிடம் "அப்படித்தான்" என்று சொல்லலாமா?

ஆயா வாடகைக்கு இருப்பவர்தானே என்று யாரோ முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. வாடகைதாரரின் சுவாதீனமும் சுவாதீனம்தான். அவரே வழக்குப் போடலாம். பெண் என்பதால், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி கிடைக்கும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு எழுதிக் கொடுக்க நானே கூடப் போகிறேன். வழக்கு என்று போனால் கோர்ட் நியமிக்கும் வக்கீலான அட்வகேட் கமிஷனரை அனுப்பி விரிசலை நேரில் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். தடை உத்தரவோடு நஷ்ட ஈடும் கேட்கலாம். பட்டறையிலிருந்து வரும் பெயின்ட் நெடி தெரு முழுக்கப் பரவுகிறதே, அது பொதுத் தொல்லை. அதற்கு சிவில் நடைமுறைச் சட்டம் 91-வது பிரிவின்படி நீதிமன்ற அனுமதியோடு இரண்டு பேர் சேர்ந்தே வழக்குப் போடலாம்.

ஆனால் பட்டறையை மூடச் சொல்ல எனக்கு மனமில்லை. நான்கு பையன்கள் அங்கே வேலை செய்கிறார்கள், இரண்டு பேர் நம் தெருப் பிள்ளைகள். மிஷினை அந்தச் சுவரிலிருந்து தள்ளி, அடியில் கனமான ரப்பர் போட்டு, இரவு 8 மணிக்கு நிறுத்தட்டும். விரிசலைப் பூசிக் கொடுக்கட்டும். இதைச் சங்கமே உரிமையாளரைக் கூப்பிட்டுப் பேசி, எழுத்தில் வாங்கினால் கோர்ட்டுக்கே வேலையில்லை.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால், பட்டறை ஓடுகிற நேரமாகப் பார்த்து, செயலாளரும் இன்னும் இரண்டு பேரும் ஆயா வீட்டுக்கு வாருங்கள். பத்து நிமிடம் போதும். அந்தச் சுவரில் கை வைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தெருக்காரன்