எழுத்துத் திரைகள் விட்டுச்சென்ற பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுத்துகள் மட்டுமே தெரிந்த பழைய கணினித் திரைகளைப் பற்றிப் பேசுவோர், அவை கட்டளைகளை மனப்பாடம் செய்யச் சொல்லி வாட்டியவை என்றே பெரும்பாலும் கூறுகின்றனர். கட்டளைச் சொற்களை நாமே தட்ட வேண்டிய வெறும் கட்டளை வரியைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால், 80 எழுத்து அகலமும் 25 வரி உயரமும் கொண்ட அதே திரையில் இயங்கிய, தேர்வுப் பட்டியலைக் காட்டும் மெனு நிரல்களையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமன்று.

1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 விரிதாளில் சாய்கோட்டு (/) விசையை அழுத்தினால், திரையின் மேற்பகுதியில் மெனு ஒரே வரியில் தோன்றும். அம்பு விசையால் நகர்ந்து எந்தச் சொல்லின்மீது நிற்கிறோமோ, அதைத் தேர்ந்தால் என்ன வரும் என்பதை அதற்கடுத்த வரி காட்டும். புதியவர் அவற்றைப் படித்துப் படித்துத் தேர்வு செய்வார்; பழகியவரோ அதே சொற்களின் முதலெழுத்துகளை வரிசையாகத் தட்டிவிட்டு, மெனுவைப் பாராமலே வேலையை முடிப்பார். கற்றுக்கொள்ளும் வழியே விரைவு வழியாகவும் அமைந்திருந்ததால், தினமும் செய்யும் வேலையே பயிற்சியாயிற்று. இன்றைய மென்பொருள்கள் பலவற்றில் மெனு ஒரு பக்கமும், Ctrl+C போன்ற குறுக்கு விசைகள் வேறொரு பக்கமும் கிடக்கின்றன. பல ஆண்டுகள் மெனுவைச் சொடுக்கியவருக்கும் குறுக்கு விசை தானாகப் படிவதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஐபிஎம் பிசி கணினி, நிரல் வேறு வேலையில் இருந்தாலும், தட்டிய விசைகளில் 15 வரை நினைவில் வைத்திருந்து வரிசை மாறாமல் ஒப்படைத்தது. எனவே திரை வருமுன்பே கை முன்னே செல்ல முடிந்தது. இப்போதைய இணையப் படிவங்களில், பாதி தட்டும்போது ஓர் அறிவிப்புப் பெட்டி குறுக்கிட்டால் விசைகள் அதற்குள் போய்விடுகின்றன; தாமதமாக ஏற்றப்படும் படம் ஒன்று பொத்தானைக் கீழே தள்ள, விரல் வேறெதையோ தொட்டுவிடுகிறது.

சுட்டியும் தொடுதிரையும் கணினியைப் பலருக்கும் எட்டச் செய்தன. அவற்றைக் கைவிடும்படி நான் கோரவில்லை. எல்லாச் செயல்களும் விசைப்பலகையாலேயே இயங்க வேண்டும் என்பதை, மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்துவதற்கென 2008இல் வெளியான வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் (WCAG) 2.0 பதிப்பு, அடிப்படை நிலையிலேயே வைத்திருக்கிறது. பார்வையற்ற பயனர்களுக்கு இது இன்றியமையாதது. ஆயினும் இயங்குவது வேறு, தடையின்றி விரைவாக இயங்குவது வேறு. நாள் முழுதும் ஒரே படிவத்தை நிரப்பும் பணியாளர்களுக்காக மென்பொருள் வாங்கும் நிறுவனங்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அந்தப் பணியாளர்களையே அமர்த்தி, சுட்டியைக் கழற்றிவிட்டு, அந்த மென்பொருளைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்