மணநாளில் மழை வந்தால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசியில் முகூர்த்தம் குறிக்கும் பினாங்குக் குடும்பங்கள், செப்டம்பர் முதல் நவம்பர் வரை இத்தீவில் மழை மிகுதி என்பதை மண்டபம் பதிவு செய்யும்போதே மனத்தில் கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் மகளின் திருமணத்தன்று, மாப்பிள்ளை வீட்டார் வாசலை நெருங்கிய வேளையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. விடியற்காலையில் என் அக்கா இட்ட மாக்கோலம் கண்ணெதிரே பால்போல் கரைந்து வடிகாலுக்குள் ஓடியது. பந்திக்காக வெளியே போட்டிருந்த கூடாரத்தில் பக்கச்சீலை இல்லாததால், சாரல் அடித்து வாழையிலைகளில் நீர் தேங்கியது. கூடாரக்காரரிடம் பக்கச்சீலையும் தரைப்பலகையும் முன்கூட்டியே கேட்டிருந்தால் முதியோர் சேற்றில் தடுமாறியிருக்க மாட்டார்கள். வாசலில் பெரிய குடைகளோடு நான்கு இளைஞர்களை நிறுத்துவதும், மின்கம்பிகளைத் தரையில் கிடத்தாமல் உயர்த்திக் கட்டுவதும் கட்டாயம்.

மணமகள் சிறுவயதில் பச்சரிசி தின்றதால்தான் மழை என்று உறவினர் சிலர் பேசியதைக் கேட்டு என் மகள் கண்கலங்கினாள். பருவமழைக்கு ஒரு பெண்ணைக் காரணம் காட்டுவது நியாயமன்று. ஆயினும் நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தவில்லை. தாலி ஏறிய நேரத்தில் கெட்டிமேளத்தோடு தகரக் கூரையின் மழையோசையும் சேர்ந்து முழங்கியது. திருமணத்தைப் பற்றிப் பேசினால் இன்றும் அவள் முதலில் சொல்வது அதைத்தான்.

இப்படிக்கு,
ஒரு மணமகளின் தாய்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.