நிறுத்திப் பார்க்கும் குளிசையல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் மருத்துவப் பக்கத்தில், இதயத் துடிப்பைத் தணிக்கும் பீற்றா தடுப்புக் குளிசைகளால் உடல் சோர்வதாக உணர்பவர்கள் அவற்றைச் ‘சில நாட்கள் நிறுத்திப் பார்க்கலாம்’ என்று ஒரு வரி இருந்தது. தங்கள் பத்திரிகையின் எழுத்துப் பிழைகளைச் சிவப்புப் பேனையால் திருத்துவது ஓய்வுபெற்ற ஆசிரியையான எனக்குப் பழக்கம். இந்த வரியை நான் திருத்துவதற்கு முன்னரே என் கணவர் வாசித்துவிட்டார்.

நெஞ்சுவலிக்காக ஆறு ஆண்டுகளாக அற்றெனோலோல் என்ற பீற்றா தடுப்புக் குளிசையை எடுத்துவந்த அவருக்குக் கை கால் குளிர்வதும், படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றுவதும், தோட்டத்தில் தண்ணீர் மாறும்போது களைப்பதும் உண்மைதான். பேப்பரிலேயே போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக் குளிசை உறையை அலுமாரிக்குள் வைத்துவிட்டார். நான்காம் நாள் விடியற்காலை, நிறைந்த வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தவர், நெஞ்சைப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டார். ஓட்டோவில் ஏ34 வீதியால் மாங்குளம் போய்ச் சேரும்வரை நான் அவருடைய நாடியை விடவில்லை. அங்கே வைத்தியர் முதலில் கேட்டது, ‘குளிசையை நிறுத்தினீங்களா ஐயா?’ என்பதுதான். அவர் என்னைப் பார்த்தார்; நான் தங்கள் பத்திரிகையை நினைத்துக்கொண்டேன்.

தாங்கள் அறியாததல்ல. இதயத்தை முடுக்கும் அட்ரினலின் சுரப்பின் வேகத்திலிருந்து நெடுநாள் மறைத்து வைக்கப்பட்ட இதயம், அந்த மறைப்பு திடீரென விலகும்போது முன்னையிலும் கூடுதலாகத் துடிக்கும். நெஞ்சுவலி திரும்பும், மாரடைப்பும் வரலாம். ஆகவே இந்தக் குளிசையை நிறுத்துவதென்றாலும் வைத்தியரின் சொற்படி, ஒன்றிரண்டு வாரங்களுக்காவது அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். இவ்வகையிலேயே புரொப்பிரனோலோல் போன்றவை தொய்வுக்காரரின் மூச்சுக்குழாயை இறுக்கிவிடும் என்பதையும், இன்சுலின் போடுபவருக்குச் சீனி இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் இவை மறைத்துவிடும், வியர்வை ஒன்றே அடையாளமாக எஞ்சும் என்பதையும் அக்கட்டுரை சொல்லவில்லை. இம்மருந்தைக் கண்டுபிடித்து 1988இல் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் பிளாக்கின் படத்துக்குக் கால் பக்கம் கொடுத்த தங்களுக்கு, இதற்கு இரண்டு வரி கிடைக்காமற் போனது எங்கள் துரதிர்ஷ்டமே.

நிறுத்திப் பார்ப்பதை வன்னியாருக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மருந்து வராமலே நிறுத்தியவர்கள் நாங்கள். 2022இல் கிளினிக்கில் குளிசை தீர்ந்து, வெளியில் வாங்கும்படி துண்டு எழுதித் தந்தபோது, அந்த விலைக்கு வாங்க முடியாமல் பாதியாக உடைத்து விழுங்கியோரும் எங்கள் ஊரில் உண்டு. உறையில் ஆங்கிலத்தில் கிறுக்கப்பட்டதை வாசிக்கத் தெரியாமல் காலைக் குளிசையை இரவில் எடுக்கும் முதியவர்களைப் பற்றி அவ்வாண்டே தங்களுக்கு எழுதினேன். அக்கடிதத்துக்குத் தங்கள் பத்திரிகையில் இடம் கிடைக்கவில்லை; அதே வாரம் யாரோ ஒருவருடைய பிறந்தநாள் வாழ்த்துக்குக் கிடைத்தது.

நான் இம்மருந்துக்கு எதிரியல்லள். களைப்பைக் கிளினிக்கில் வாய்திறந்து சொன்னதும் வேறு குளிசைக்கு மாற்றித் தந்தார்கள். இப்போது அவர் முன்போல் தண்ணீர் மாறுகிறார். அந்த ஒரு வரி ‘வைத்தியரிடம் சொல்லுங்கள்’ என்று இருந்திருந்தால் அந்த ஓட்டோப் பயணம் நேர்ந்திராது.

நான் வேண்டுவது பெரிதல்ல. வரும் ஞாயிறு, அதே மருத்துவப் பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். மரண அறிவித்தல்களுக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஒட்டுசுட்டான்.