டெல்லி – சான் பிரான்சிஸ்கோ: படத்தில் இருக்கும் கோடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீண்ட தூர விமானங்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் கூடவே போட்டிருந்த உலக வரைபடத்தில் டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஸ்கேல் வைத்து ஒரு சிவப்புக் கோடு இழுத்திருக்கிறீர்கள். அது ஈரான், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் என்று மேற்கே போய், அமெரிக்காவைக் குறுக்கே வெட்டி முடிகிறது. நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தே காலம் தள்ளியவன் நான். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தக் கோட்டின் மேலேயே பறந்தால் 18,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். இரண்டு ஊருக்கும் உள்ள மிகக் குறைந்த தூரமோ சுமார் 12,400 கிலோமீட்டர்தான். வீட்டில் உலக உருண்டை இருந்தால் இரு ஊர்களிலும் நூலை வைத்து இறுக்கிப் பாருங்கள். நூல் மேற்கே போகாது. வடக்கே ஏறி, சைபீரியாவைக் கடந்து, ஆர்க்டிக் கடல் மேலே போய், அலாஸ்கா வழியாக இறங்கும். ஒரு வயலை அளக்கும்போது பூமியைத் தட்டை என்றே வைத்துக்கொள்ளலாம், புலப்படத்தில் தப்பு வராது. கண்டம் தாண்டினால் அது நடக்காது. 1802-ல் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு (மற்ற தூரங்களைக் கணக்கிட அடிப்படையான முதல் கோடு) அளந்து தொடங்கிய இந்தியாவின் பெரிய நில அளவையே பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்துக்கொண்டதுதான். சென்னை விமான நிலையம் இன்று அந்த மலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது!

சரி, தூரம் போகட்டும். கட்டுரையில் தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் சொல்லியிருக்கிறீர்கள். வானத்தில் அந்த வகுத்தல் செல்லாது. ஏர் இந்தியா 2015-ல் இந்தச் சேவையைத் தொடங்கியபோது அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கிலோமீட்டர் பறந்தது. 2016 அக்டோபரில் பசிபிக் பக்கம் திருப்பினார்கள். தூரம் 15,300 ஆகக் கூடியது, நேரமோ கிட்டத்தட்ட இரண்டு மணி குறைந்து பதினாலரை மணி நேரத்தில் போய் இறங்கியது. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 1,055 கிலோமீட்டர். விமானத்தின் சொந்த வேகம் 900 சொச்சம்தான். மிச்சம், மேலே மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்று தள்ளிக்கொடுத்தது. எதிர்த்துப் போனால் அதே காற்று பிடித்து இழுக்கும். லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறக்குறைய எட்டு மணி, திரும்பி வர ஏழு மணிதான்.

காற்றோடு அரசியலும் உண்டு. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவன விமானம், 2022-ல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும் சுற்றிக்கொண்டு போக சுமார் 13 மணி நேரம் எடுத்தது. இரண்டு ஊரும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

அப்புறம் கடிகாரம். எங்கள் தெருவில் பல வீட்டுப் பிள்ளைகள் கலிபோர்னியாவில். டிக்கெட்டில் விடியற்காலை கிளம்பி அதே நாள் காலையில் இறங்குவதாகப் போட்டிருப்பதைப் பார்த்து, ‘மூன்று மணி நேரம்தானா?’ என்று பெரியவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். அங்கே நேரம் நமக்குக் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணியும் கோடையில் பன்னிரண்டரை மணியும் பின்னால். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். அதிலும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்கியபின் நிறுத்துமிடம் வருவது எல்லாம் சேர்ந்திருக்கும்.

அடுத்த முறை இப்படிப் படம் போட்டால் கோட்டை வளைத்துப் போடுங்கள். போகும் நேரம், வரும் நேரம் இரண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள். எந்த ஊர் மணி என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சர்வேயர்,
தென்காசி.