பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், அப்புறம் கார்த்திக்கின் ஸ்டார்ட்அப்: முரளிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முரளி,

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விடாமல் பார்த்துக்கொள். என் பெரியம்மா வலிக்கிறது என்று நிறுத்திவிட்டு இன்றைக்கும் காலை மடக்க முடியாமல் சிரமப்படுகிறார். இங்கே எல்லோரும் சௌக்கியம். மகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்குகிறது, அதனால் வீட்டில் டிவிக்கு விடுமுறை.

உன் மகன் கார்த்திக் மூன்றாம் ஆண்டோடு கல்லூரிப் படிப்பை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கப் போவதாகச் சொல்கிறான், நீ பாரிஸிலும் பிரஸ்ஸல்ஸிலும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உன் மனதில் படுவதை எழுது என்று கேட்டிருந்தாய். கல்லூரிப் பாட வீடியோக்களுக்குத் தானாகத் தமிழ் சப்டைட்டில் போடும் செயலி என்று நீ எழுதிய வரியைப் போகும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே இருந்தேன். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும்.

முதலில் பாரிஸ். என்னோடு சென்னையில் வேலை பார்த்த ஒருவர் இப்போது அங்கே ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறார், அவர்தான் ஸ்டேஷன் எஃப்புக்குள் கூட்டிக்கொண்டு போனார். 1920களின் கடைசியில் ஃப்ரெசினே என்ற பொறியாளர் ரயில் சரக்குக் கொட்டகையாகக் கட்டியது அது. 310 மீட்டர் நீளம். கான்கிரீட் கூரை எவ்வளவு மெல்லியது என்று நிமிர்ந்து பார்த்தபடி நின்றுவிட்டேன், நீ சிவில் படித்தவன், நீ வந்திருந்தால் அங்கிருந்து நகர்ந்திருக்கவே மாட்டாய். ஃப்ரீ என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தை நிறுவிய சேவியர் நியெல் அதை வாங்கிப் புதுப்பித்து 2017இல் திறந்தார், சுமார் ஆயிரம் ஸ்டார்ட்அப்கள் அந்த ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்கின்றன. இதே நியெல்தான் 2013இல் ஆசிரியர்களும் கட்டணமும் இல்லாத 42 என்ற நிரலாக்கப் பள்ளியையும் ஆரம்பித்தவர். படிப்பு அவசியமா என்று கார்த்திக் உன்னிடம் வாதாடினால் அந்தப் பள்ளியின் பெயரை எடுப்பான், தயாராக இரு. அங்கே சேருவதற்கே நான்கு வாரம் காலை முதல் இரவு வரை கோட் எழுதித் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதையும் அவனிடம் சொல்.

உள்ளே நான் பார்த்த முகங்கள் பெரும்பாலும் இருபதுகளில். அந்த உற்சாகம் எனக்குப் பிடித்திருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுத்தடுத்த மேஜைகளில் கேட்ட கதை ஏறக்குறைய ஒன்றுதான், யாரோ பயிற்றுவித்த ஏஐ மாடல், அதன் மேல் ஒரு திரை, மாதச் சந்தா. மிஸ்ட்ரால் என்ற ஏஐ நிறுவனம் அதே பாரிஸில் 2023 ஏப்ரலில் தொடங்கி அந்த செப்டம்பரிலேயே தன் முதல் மாடலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று டொரண்டில் போட்டுவிட்டதால், நாமும் ஒன்று செய்தால் என்ன என்ற வேகம் எல்லோரிடமும் இருக்கிறது. மிஸ்ட்ராலை ஆரம்பித்த மூவரும் அதற்கு முன்பு கூகுளிலும் மெட்டாவிலும் இதே ஆராய்ச்சியில் இருந்தவர்கள் என்பதை மட்டும் யாரும் பேசக் காணோம்.

நண்பரின் நிறுவனம் செய்வது கிட்டத்தட்ட கார்த்திக்கின் யோசனைதான், பிரெஞ்சு வகுப்பறை வீடியோக்களுக்கு சப்டைட்டில். ஐந்து பேர். வீடியோவிலிருந்து ஒலியைப் பிரித்தெடுப்பது எஃப்எஃப்எம்பெக், பேச்சை எழுத்தாக்குவது ஓப்பன்ஏஐ 2022இல் திறந்துவிட்ட விஸ்பர், மீதி அவர்கள் எழுதியது. நீங்கள் எழுதியது எவ்வளவு என்று கேட்டேன், பில் போடுவதும் பயனர் கணக்குகளும் என்றார் நேர்மையாக. எஃப்எஃப்எம்பெக் செய்பவர்களுக்கு ஏதாவது கொடுக்கிறீர்களா என்றேன், அப்படி ஒன்றை யாருமே யோசிக்கவில்லை என்றார். அதை 2000இல் ஆரம்பித்த ஃபப்ரிஸ் பெல்லார் பிரெஞ்சுக்காரர்தான். மெய்நிகர் இயந்திரங்களுக்கு நாம் நம்பியிருக்கும் கியூஈஎம்யூவும் அவர் ஆரம்பித்ததுதான்.

பிரஸ்ஸல்ஸ் ரயில் கார் து நோர் நிலையத்திலிருந்து. அதற்கு ஐந்து நிமிட நடையில் லா ஷப்பல், ஈழத் தமிழர்களின் கடைத்தெரு. புடவைக் கடை, நகைக் கடை, மளிகை என்று வரிசையாகத் தமிழ்ப் பெயர்ப்பலகைகள். ஒரு கொத்துரொட்டி சாப்பிட்டு, கடைக்கார அண்ணரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு ரயிலேறினேன், ஒன்றரை மணி நேரத்துக்குள் பிரஸ்ஸல்ஸ்.

இனிமேல்தான் நான் எழுத நினைத்ததே வருகிறது. திறமூல மென்பொருள் எழுதுபவர்களின் ஆண்டுக் கூட்டமான ஃபோஸ்டெம் பற்றி நாம் ஹாஸ்டல் காலத்திலிருந்து மெயில் குழுக்களில் படித்திருக்கிறோம். 2000இல் ஆரம்பித்தது, 2025 பிப்ரவரி முதல் இரண்டு நாட்களில் நடந்தது 25ஆம் ஆண்டுக் கூட்டம். பிரஸ்ஸல்ஸ் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் சோல்போஷ் வளாகம், ஒரு சனி ஞாயிறு. நுழைவுக் கட்டணம் கிடையாது, பதிவு கிடையாது, கழுத்தில் மாட்டும் அட்டை கிடையாது, நேராக உள்ளே நடந்து போகலாம். ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள், அத்தனையையும் நடத்துவது தன்னார்வலர்கள். வகுப்பறைகள்தான் அரங்குகள். ஒரு அறை லினக்ஸ் கெர்னலுக்கு, ஒன்று போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு, ஒன்று ரஸ்ட் மொழிக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள், இருக்கை நிரம்பியதும் கதவில் ‘ஃபுல்’ என்று ஒரு தாளைக் காட்டிவிடுவார்கள், அதற்கப்புறம் யார் வந்தாலும் வெளியேதான். நான் பார்க்க நினைத்த பாதிப் பேச்சுகளுக்கு வரிசையில் நின்று உள்ளே போக முடியவில்லை, அவற்றை இப்போது வீட்டில் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லா அறைகளையும் ஒளிபரப்புவதும் பதிவு செய்வதும்கூட அவர்களே செய்துகொண்ட பெட்டிகளைக் கொண்டுதான். இன்னொன்று, உனக்குப் பிடிக்கும்: அங்கே ‘ஃபோஸ்டெம்’ என்ற பெயரில் வரும் வைஃபை, இணைய முகவரியின் புதிய முறையான ஐபிவி6 மட்டும்தான் தரும். பழையது வேண்டுமென்றால் வேறு பெயரைத் தேடிச் சேர்ந்துகொள்ள வேண்டும்.

கே கட்டடத்தின் நீண்ட கூடத்தில்தான் திட்டங்களின் மேஜைகள். கேடிஈ, நோம், மொசில்லா என்று வரிசையாக, ஸ்டிக்கர்களும் டி-ஷர்ட்டும் வைத்துக்கொண்டு கோட் எழுதியவர்களே நிற்கிறார்கள். வீடியோ ஓட்டும் விஎல்சி மென்பொருளின் மேஜையை அந்த ஆரஞ்சு கூம்பை வைத்துத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டேன், தலையிலேயே கூம்புத் தொப்பி போட்டிருந்தார்கள். 1996இல் எகோல் சென்ட்ரல் மாணவர்கள் விடுதிக்கு வேகமான நெட்வொர்க் வேண்டும் என்று ஆரம்பித்த வேலை அது. வேகமான நெட்வொர்க் கேட்க ஒரு காரணம் வேண்டுமே, அதற்காக செயற்கைக்கோள் டிவியை கேபிளில் அறை அறைக்கு அனுப்பிக் காட்டினார்கள். 2001இல் அதை ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 2025 ஜனவரியில் 600 கோடி பதிவிறக்கத்தைத் தாண்டிவிட்டதாக அறிவித்திருக்கிறார்கள். அதை இத்தனை காலம் கட்டிக்காக்கும் ஜான் பாப்டிஸ்ட் கெம்ஃப், விளம்பரம் சேர்த்தால் கோடிக்கணக்கில் யூரோ தருகிறோம் என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பியவர்.

அந்த அறிவிப்போடு சேர்த்து அவர்கள் காட்டியது என்ன தெரியுமா? இணையம் இல்லாமல், கணினியிலேயே, ஓடும் வீடியோவுக்குத் தானாக சப்டைட்டில். இலவசம். கார்த்திக்கின் முழு யோசனையும் விஎல்சியின் ஒரு மெனுவுக்குள் வரப்போகிறது. மேஜையில் இருந்த பையனிடம் தமிழ் எப்படி வரும் என்று கேட்டேன். எந்த மொழிக்குத் தரவு இருக்கிறதோ அந்த மொழிக்குத்தான் நன்றாக வரும் என்றான், சுருக்கமாக. உண்மை அதுதான். விஸ்பரை 6,80,000 மணி நேர ஒலியில் பயிற்றுவித்தார்கள், அதில் ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளுக்கும் சேர்த்து அந்தந்த மொழியிலேயே எழுத்தாக்கியது 1,17,000 மணி நேரம், நம் பங்கு அதில் சொற்பம். அதிலும் கோயம்புத்தூர் கல்லூரியில் தெர்மோடைனமிக்ஸ் நடத்தும் ஆசிரியர், ‘இந்த ஈக்வேஷன்ல என்தால்பிய சப்ஸ்டிட்யூட் பண்ணீங்கன்னா’ என்று பேசுகிறாரே, அந்தத் தமிழ் அதில் எவ்வளவு இருந்துவிடப் போகிறது? யாரும் செய்து முடிக்காத வேலை அங்கேதான் கிடக்கிறது.

பக்கத்தில் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் மேஜை. அங்கிருந்த லேப்டாப்பில் அனுமதி கேட்டு ‘கொக்கு’ என்று தட்டிக் காட்டினேன். சேமிப்பில் க முதலில், ஒகரக் குறி அதற்குப் பின்னால் ஒரே எழுத்தாக. திரையில் அந்த ஒரு குறி இரண்டாக உடைந்து கொம்பு க-வுக்கு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் நிற்க வேண்டும். இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்வது ஹார்ஃபஸ் என்ற நிரல். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் லிப்ரே ஆபிஸிலும் தமிழ் ஒழுங்காகத் தெரிவது அதனால்தான், பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்ற ஈரானில் பிறந்த பொறியாளரின் பல வருட உழைப்பு. நாம் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறிமுறையை விட்டு யூனிகோடுக்கு மாறிய புதிதில் ராத்திரி இரண்டு மணிக்குக் கொம்பு ஒரு பக்கம், புள்ளிவட்டம் ஒரு பக்கம் என்று திரையைப் பார்த்துத் தவித்தது ஞாபகம் இருக்கிறதா? இன்று கோடிக்கணக்கான பேர் வாட்ஸ்அப்பில் தமிழில் தட்டுகிறார்கள், ஹார்ஃபஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் சொல்.

கூடத்து டீக் கடையருகே, வரிசைகளில், எங்கே நின்றாலும் எக்ஸ்இஸட் என்ற நிரலுக்குள் நடந்த சதி பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. 2024 மார்ச்சில் வெளிப்பட்டது. லாஸி கோலின் என்பவர் சம்பளமில்லாமல் தனியாளாகப் பராமரித்துவந்த, கோப்புகளைச் சுருக்கும் நிரல் அது. உடல்நலமும் மனநலமும் ஒத்துழைக்காத நேரத்தில் அவரைச் சிலர் மெயில் குழுவில் விரட்டி விரட்டி எழுத, ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் திருட்டு வாசல் ஒன்றைச் செருகிவிட்டார். சர்வருக்குள் தூரத்திலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்திராவிட்டால் உலகத்து சர்வர்களில் ஏராளமானவை திறந்து கிடந்திருக்கும். லாஸி கோலினின் தனிமையை நினைத்தால் எனக்கு இன்னும் மனது கஷ்டமாக இருக்கிறது. அத்தனை பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தின, தோள் கொடுக்க ஒருவரும் வரவில்லை.

ஞாயிறு மாலை ஜான்சன் அரங்கில் டேனியல் ஸ்டென்பர்க் பேசினார். இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் நிரல் ஒன்றை 1998இல் கர்ல் என்று வெளியிட்டதை இன்னும் அவரே முன்னின்று நடத்துகிறார், 2,000 கோடிக்கு மேல் நிறுவல்கள் இருக்கும் என்பது அவர் கணக்கு. காரிலும் டிவியிலும் போனிலும் ஓடுகிறது. பேசியது முழுக்க ஒழுக்கம் பற்றி: ஒவ்வொரு மாற்றத்துக்கும் நூற்றுக்கும் மேல் சோதனை ஓட்டங்கள், எச்சரிக்கை ஒன்றுகூட மிச்சமில்லாமல் கம்பைல் ஆக வேண்டும், சி மொழியின் ஆபத்தான ஃபங்ஷன்களுக்குத் தடை, பிழை வந்தால் அது ஏன் நுழைந்தது என்று கடைசிவரை விசாரணை. ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்திருந்த அரங்கில் சத்தமே இல்லை. இந்தப் பேச்சைக் கார்த்திக் பார்க்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

சரி, அவன் விஷயம். படிப்பை முடிக்கட்டும், மீதி இருப்பது ஒரு வருஷமும் சொச்சமும்தான். அதற்குள் அவன் யோசனைக்கு அடியில் இருக்கும் வேலையைத் தொடட்டும். குரல் பதிவுகளைத் திரட்டும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழ் இருக்கிறது, குரல் கொடுக்கலாம், சரிபார்க்கலாம், பாட வாக்கியங்களைச் சேர்க்கலாம், வகுப்பு முழுவதையும் இழுத்துக்கொண்டு வரலாம். விஎல்சியிலோ எஃப்எஃப்எம்பெக்கிலோ ஒரு சின்னப் பிழையை எடுத்துத் திருத்தி, அவர்கள் நாலு தடவை திருப்பி அனுப்பினாலும் சலிக்காமல் ஏற்கவைக்கட்டும். திறமூல நிரலுக்குப் புதியவர்களைப் பழக்கும் கூகுளின் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் நடக்கிறது, மார்ச் பிற்பகுதியில் விண்ணப்பம் வரும், உதவித்தொகையும் உண்டு. சான்றிதழுக்காக மட்டும் வேண்டாம். 2024 தொடக்கத்தில் நம் ஊர் மாணவர்கள் ஏதோ ஒரு பாட வீடியோவைப் பார்த்துவிட்டு எக்ஸ்பிரஸ் என்ற திறமூலத் திட்டத்தின் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் தங்கள் பெயரைச் சேர்த்துச் சேர்த்து அனுப்பி, பராமரிப்பவர்களைத் திணறடித்தது எனக்குப் பெரிய வருத்தம்.

பணம் போட்டு ஆரம்பிப்பதற்கு இன்னொரு காரணத்தாலும் அவசரம் வேண்டாம். ஐரோப்பாவில் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்துவிட்டது, முக்கிய கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து. அங்கே மென்பொருள் விற்பவர் உள்ளே என்னென்ன நிரல்களைச் சேர்த்திருக்கிறார் என்று பட்டியல் வைத்திருக்க வேண்டும், ஓட்டைகளை அடைத்துத் தர வேண்டும், தவறினால் 1.5 கோடி யூரோ வரை அல்லது உலக விற்பனையில் 2.5 சதவீதம் வரை அபராதம். பொழுதுபோக்காக எழுதித் திறந்துவிடுபவர்கள் இதில் வரமாட்டார்கள், அதை வாங்கி விற்பவர்கள்தான் பொறுப்பு. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. அடியில் இருக்கும் நிரலைப் படிக்கத் தெரிந்தவனுக்குத்தான் இனி இந்தத் தொழிலில் பிழைப்பு, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அவனிடம் இதை நீ சொன்னால் அப்பா தடுக்கிறார் என்று நினைப்பான், அதனால் ஞாயிறு மாலை என்னைக் கூப்பிடச் சொல். ஃபோஸ்டெம் தளத்தில் எல்லா வீடியோக்களும் இலவசமாக இருக்கின்றன, அதற்கு முன் ஸ்டென்பர்க் பேச்சை மட்டும் பார்த்துவிட்டு வரட்டும். அவன் பதிவு செய்து வைத்திருக்கும் வகுப்பு ஒலி ஒரு மணி நேரம் இருந்தால் எனக்கு அனுப்பட்டும், விஸ்பரில் ஓட்டி எங்கெங்கே தடுமாறுகிறது என்று இருவரும் உட்கார்ந்து பார்க்கிறோம். ஆசிரியரிடம் அனுமதி கேட்டுவிட்டு அனுப்பச் சொல். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
சரவணன்