தொப்பூர் கணவாயில் நின்ற லாரி அண்ணாவுக்கு

வெள்ளிக்கிழமை ராத்திரி திடீரென்று தோன்றி, மறுநாள் வாடகை கேம்பர் வேனில் நானும் கணவரும் ஒகேனக்கல் கிளம்பினோம். தண்ணீர் டேங்க் ஒழுகி மெத்தை நனைந்தது. பென்னாகரம் தாண்டி ஒரு புளியங்கிளை கூரை ஜன்னலைப் பெயர்த்தது. சரி, மீன் குழம்பாவது நன்றாக இருந்தது.

ஞாயிறு மாலை சேலம் திரும்பும்போது தொப்பூர் இறக்கத்தில் பிரேக் புகைந்தது. கூப்பிடாமலே லாரியை ஓரங்கட்டி வந்தீர்கள் அண்ணா. முதலில் சக்கரத்துக்குக் கல் வைத்தீர்கள். இவர் தண்ணீர் பாட்டிலோடு ஓட, "ஊத்தாதீங்க, டிரம் விரிசல் விட்டுரும்" என்று தடுத்தீர்கள். சூடு தணியும்வரை கூடவே நின்றீர்கள். அப்புறம் இரண்டாவது கியரிலேயே வரச் சொல்லி, கணவாய் முடியும்வரை இண்டிகேட்டர் போட்டபடி முன்னால் போனீர்கள். பணம் நீட்டியதற்குத் திட்டு வேறு!

கிருஷ்ணகிரியிலிருந்து மாங்கூழ் ஏற்றி வந்த லாரி. தெரிந்தவர்கள் அவரிடம் இதைக் காட்டுங்கள். ரொம்ப நன்றி அண்ணா.